பிள்ளையைப் படுக்க வைங்க, பாப்போம்

பணி நிறைவு நாளில் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. மைக்தான் கீச்சென்று கத்தியது. பிரசவ வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பெண்கள் கை தட்டி என்னைக் காப்பாற்றினார்கள். சால்வை போட்டு, கேக் ஊட்டி, போட்டோ எடுத்து முடிந்த பிறகு அவர்களில் ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, பேச வரலைன்னா எழுதியாச்சும் குடுங்க. சகாயமேரி சிஸ்டர், சகாயமேரி சிஸ்டர்னு எல்லாரும் சொல்றாங்க. நாங்க அவங்களப் பாத்ததே இல்ல" என்றாள்.

இப்போது அந்த வார்டுச் சுவரில் டி.வி. மாட்டியிருக்கிறார்கள். பிறந்த குழந்தையை எப்படித் தூங்க வைக்க வேண்டும் என்று அதில் படம் ஓடுகிறது. நல்ல படம். சொல்வதெல்லாம் சரி. படம் ஓடும்போது தாய்மார்கள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் படத்தில் இருப்பதைத்தான் சிஸ்டர் டி.வி. இல்லாத காலத்தில் சொல்லிக் கொடுத்தார். எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்தாவது வரை படித்தேன். அப்பா ஆஸ்பத்திரிப் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டதால் கருணை அடிப்படையில் எனக்கு அந்த வேலை வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. முதலில் ஆபரேஷன் தியேட்டரில் துணி அலசினேன், பிறகு புறநோயாளிப் பிரிவில் சீட்டு வாங்கி அடுக்கினேன், அதன் பிறகு பிரசவ வார்டு. அங்கே என் பெயர் இந்திராணி என்பது சிஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் ஆயாம்மா. முழங்கால் ஒத்துழைக்காததால் கொஞ்சம் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

சகாயமேரி சிஸ்டர் அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ். குள்ளமான உருவம். குரலும் சின்னது. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்ன பிறகும் சிஸ்டரிடம் ஒரு பரீட்சை பாக்கி இருக்கும். தாயின் கட்டில் பக்கத்தில் வந்து நின்று, "பிள்ளையைப் படுக்க வைங்க, பாப்போம்" என்பார். அவ்வளவுதான். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தாயோ, மாமியாரோ, யார் பிள்ளையை வைத்திருக்கிறார்களோ அவர்கள் வீட்டில் செய்வதுபோலப் படுக்க வைக்க வேண்டும். தலையணை வைப்பவர்கள் வைப்பார்கள். குப்புறப் போடுபவர்கள் போடுவார்கள். பூந்துவாலையைக் கழுத்துவரை சுற்றி அதற்கு மேல் ஒரு கம்பளியும் போடுபவர்கள் உண்டு, சித்திரை மாதத்தில்கூட.

சிஸ்டர் "தப்பு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "ஏன் அப்டி வச்சீங்க?" என்று கேட்பார். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புபவர் மாதிரி கேட்பார். பதில் முழுதும் வரும்வரை காத்திருப்பார். நான் அந்த இடத்தில் இருந்தால் தரையைப் பார்த்திருப்பேன். அவர் அவர்கள் முகத்தையே பார்ப்பார்.

கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாமியார் கடுகு அடைத்த சின்னத் தலையணையை எடுத்துப் பேரனின் தலைக்குக் கீழே வைத்தார். ஏன் என்று சிஸ்டர் கேட்டதும், "தலை உருண்டையா வரணுமில்ல சிஸ்டர். எம்மகனுக்கு இதத்தான் வச்சேன். பாருங்க, எப்டி உருட்டிச் செஞ்சாப்ல இருக்கு" என்று வாசலில் நின்ற மகனைக் கூப்பிட்டுத் திருப்பிக் காட்டினார். அந்தப் பையன் கூச்சத்தில் நெளிந்தான். சிஸ்டர் அவனை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"உருண்டைதான். குறையே சொல்ல முடியாது. உள்ள என்ன இருக்குன்னு மருமகதான் சொல்லணும்."

தையல் வலியோடு இருந்த மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வைக்காதீங்க சிஸ்டர், வலிக்குது" என்றாள். மாமியாரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சிஸ்டர் என்னைப் பார்த்து, "இந்திராணி, கலெக்டரைத் தூக்கிட்டு வா" என்பார்.

கலெக்டர் என்பது நான் தைத்த பொம்மை. சிஸ்டர் கேட்டுத்தான் தைத்தேன். எனக்கு ஊசி நூல் வரும். உடம்புக்கு மணல், தலைக்கு அரிசி, பிறந்த பிள்ளையின் எடைக்கு இருக்க வேண்டும் என்றார். "கழுத்துல மட்டும் ஒண்ணும் அடைக்காத. வெறும் துணியா இருக்கட்டும்" என்றார். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தைத்து முடித்துத் தூக்கிப் பார்த்தபோது புரிந்தது. தலை, நிஜப் பிள்ளையின் தலைபோலவே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்து விழுந்தது. பிடிக்காமல் தூக்க மனம் வரவில்லை. முதல் நாள் அதைப் பார்த்த ஒரு அம்மா, "யாரு பெத்த புள்ளையோ, கலெக்டராத்தான் வரும்" என்று திருஷ்டி கழித்தார். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

சிஸ்டர் கலெக்டரைக் கடுகுத் தலையணையில் படுக்க வைப்பார். தலை உயர்ந்து, முகம் முன்னால் கவிழ்ந்து, மோவாய் நெஞ்சில் போய் இடிக்கும். சேலைத் தூளியிலும் அதேதான். ஜன்னல் கம்பிக்கும் கட்டில் காலுக்கும் நடுவே நான் ஒரு சேலையைக் கட்டித் தருவேன். கலெக்டரை அதில் போட்டால் உடம்பு வில்லாக வளைந்து தலை நெஞ்சோடு மடங்கிவிடும். "எல்லாரும் கிட்ட வந்து பாருங்க" என்பார். பார்த்த பிறகு, "இப்ப நீங்க உங்க மோவாக்கட்டைய நெஞ்சுல முட்டுங்க. நல்லா முட்டணும். அப்டியே இழுத்து மூச்சு விடுங்க. உங்க பேரைச் சொல்லுங்க" என்பார்.

வார்டு முழுக்க மாமியார்களும் நாத்தனார்களும் தலையைக் குனிந்துகொண்டு தொண்டை அடைத்த குரலில் "வள்ளிம்மை", "சாந்தி", "மெகராஜ் பேகம்" என்று சொல்வதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சிரிப்பும் இருமலுமாக இருக்கும்.

"கஷ்டமா இருக்கா? உங்களுக்குக் கஷ்டமா இருந்தா தலையத் தூக்கிக்கிருவீங்க. அதுக்குத் தூக்கத் தெரியாது."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்த அமைதியில்தான் சிஸ்டர் சொல்ல வேண்டியதைச் சொல்வார். மல்லாக்கப் படுக்கணும். மெத்து மெத்தென்று இல்லாத சமமான இடம் வேணும், தரையில விரிச்ச பாயே போதும். பக்கத்துல தலையணை, பொம்மை, துணிமூட்டை ஒண்ணும் கூடாது. மூக்கும் வாயும் தெரியணும். பெரியவங்க பாயில் இல்லை, பக்கத்துப் பாயில், தாயின் கைக்கு எட்டும் தூரத்தில். தூளி ஆட்டினால் முழித்திருக்கும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், கண் அசந்ததும் பிள்ளையை எடுத்துப் பாயில் விட வேண்டும். "தலை சப்பையாயிடுமே" என்றால், "முழிச்சிருக்கப்ப குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்க. நீங்க பக்கத்துல இருங்க" என்பார். "மல்லாக்கப் போட்டா கக்குற பால் புரையேறாதா?" என்று யாராவது கேட்டே தீர்வார்கள். "மல்லாந்து படுக்கையில மூச்சுக் குழா மேல இருக்கு, சோத்துக் குழா கீழ இருக்கு. கக்குனது கீழதான் போகும். கவுத்துப் போட்டாத்தான் தலைகீழா மாறும்" என்று தன் தொண்டையைத் தொட்டுக் காட்டுவார்.

இப்படி எத்தனையோ பேர். எல்லோரையும் எழுத முடியாது. கௌசல்யாவைப் பற்றி எழுதாமல் இருக்கவும் முடியாது.

கௌசல்யாவுக்கு ஊர் வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கம். புருஷன் துபாயில். சிசேரியனில் பெண் பிள்ளை பிறந்திருந்தது. கூட இருந்தது மாமியார் பூரணம். முதல் நாளே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. கௌசல்யா பிள்ளையைக் கீழே விடவேயில்லை. வலியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். சாப்பிடும்போதும் அப்படியே. நான் படுக்கை விரிப்பு மாற்றப் போனால் எழுந்து நின்று பிடித்துக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் மெல்லப் பேசிக்கொண்டதில் விஷயம் வந்தது. இதற்கு முன் பிறந்த ஆண் பிள்ளை இரண்டு மாதம் ஆவதற்குள், வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டது. அவள் பக்கத்தில் படுத்திருந்தபோது. தூக்கத்தில் இவள்தான் மேலே புரண்டு படுத்துவிட்டாள் என்று ஊரில் பேச்சு.

ஒரு மதியம் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். கௌசல்யாவின் தலை சாய்ந்திருந்தது. கண் திறந்தபடியே தூங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன். கை மெல்ல மெல்லத் தளர்ந்து, பிள்ளையின் முகம் அவள் அக்குளுக்கும் சேலை மடிப்புக்கும் நடுவே புதைந்துகொண்டே போனது. துடைக்கும் துணியைப் போட்டுவிட்டு ஓடி என் இரண்டு கையையும் பிள்ளைக்கு அடியில் கொடுத்தேன். அவள் அலறி விழித்து என்னைத் தள்ளினாள். நான் கையை எடுக்கவில்லை. மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "இந்தப் பொண்ணு இப்டியே வீட்டுக்குப் போனா எத்தன நாளைக்கு முழிச்சிருக்கும்? என்னைக்காச்சும் உக்காந்தபடியே அசந்துடும். அவ எதுக்குப் பயப்படுறாளோ அதுதான் நடக்கும்" என்றார். தையல் பிரிக்கும்வரை அவள் வார்டில் இருப்பாள். அதற்குள் அவள் பிள்ளையைக் கீழே விட்டுத் தூங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதைவிடக் கஷ்டமான வேலையை அந்த வார்டில் நான் பார்த்ததில்லை.

கலெக்டரை எடுக்கப் போனேன். சிஸ்டர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் போய்க் கௌசல்யாவின் கட்டில் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"மூத்தவனுக்குப் பேரு வச்சிருந்தீங்களா தாயி?"

கௌசல்யா அவரையே பார்த்தாள். யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள் போல.

"கிஷோர்."

"யாரு மாதிரி இருந்தான்?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். மூக்கு அவங்க அப்பா மாதிரி. பால் குடிக்கும்போது காலை ஆட்டுவான். சிஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். வார்டில் வேறு வேலை இல்லாதவர் மாதிரி கேட்டார். பூரணத்துக்குப் பொறுக்கவில்லை. "என்னத்தச் சொல்லி என்ன சிஸ்டர். தூக்கத்துல இவ அறியாம..." என்று இழுத்தார்.

"நீங்க பாத்தீங்களாம்மா?"

"நா அங்கிட்டு முன் ரூம்ல இருந்தேன்."

"டாக்டர் அப்டிச் சொன்னாரா?"

"அவரு ஒண்ணும் தெரியலன்னாரு."

"அப்ப யாரு சொன்னா?"

"ஊருல..."

"ஊரு அந்த ரூம்லயா படுத்திருந்துச்சு?"

சிஸ்டரின் குரல் தணிந்தே வந்தது. சிஸ்டர் கௌசல்யா பக்கம் திரும்பினார். "சில புள்ளைங்க ஏன்னு தெரியாமயே போயிடுதுங்க. கிஷோருக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. இவங்களுக்கும் தெரியாது. ஒனக்கும் தெரியாது. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி யாரு சொன்னாலும், நீயே ஒனக்குச் சொல்லிக்கிட்டாலும், கேக்காத."

கௌசல்யா கேட்டாள். "நீங்க சொல்ற மாதிரி படுக்க வச்சா இதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவீங்களா?"

ஆகாது என்று சிஸ்டர் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்ல முடியும்?

"சொல்ல மாட்டேன் தாயி. ஆபத்து ரொம்பக் கொறையும். அது நெசம். துளிகூட இருக்காதுன்னா அது பொய். ஆனா உக்காந்து புள்ளய வச்சுக்கிட்டே அசந்து போறது பாரு, அதுல ஆபத்து நிறைய. எது கொறச்சலோ அதச் செய்வோம்."

கௌசல்யா அழுதாள். பிள்ளை பிறந்த பிறகு அப்போதுதான் அழுதாள். தன்னிடம் பொய் சொல்லாத ஒரு ஆளைப் பார்த்துவிட்ட அழுகை என்று எனக்குப் பட்டது.

அன்றிலிருந்து தினம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே காரியம். கட்டிலை ஒதுக்கிவிட்டுத் தரையில் இரண்டு பாய் விரிப்பேன். ஒன்றில் கௌசல்யா. ஒன்றில் பிள்ளை, மல்லாக்க. பிள்ளையின் பாயில் நான் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பேன், குழி விழுகிறதா என்று. முதல் நாள் பிள்ளையைப் பாயில் விட்டதும் உடனே தூக்கிக்கொண்டாள். "பரவால்ல, வச்சியே, அது போதும்" என்றார் சிஸ்டர். அடுத்த நாள் பிள்ளை நெஞ்சின் மேல் கையை வைத்தபடி படுத்தாள். அதற்கும் அடுத்து, கை பாயில் இருந்தது, பிள்ளையின் விரலைத் தொட்டபடி. "நீ கண்ண மூடு. இந்திராணி முழிச்சிருப்பா. அவ கண்ணு இமைக்காம உக்காரச் சொன்னா உக்காருவா. பேசியும் ஒன்ன எழுப்ப மாட்டா" என்றார் சிஸ்டர். என் கூச்சத்தை ஒரு தகுதியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அவள் தூங்கினாள். நான் பிள்ளையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

தையல் பிரிப்பதற்கு முந்தின மதியம் சிஸ்டர் பூரணத்தைப் பார்த்து, "இந்திராணிக்கு வேலை கெடக்கு. இன்னைக்கு நீங்க உக்காருங்கம்மா" என்றார். எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் எழுந்து, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

பூரணம் முதலில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு குனிந்தார். இன்னும் குனிந்தார். திடீரென்று, "ஐயோ, சிஸ்டர், மூச்சு நின்னுபோச்சு!" என்று கத்தினார்.

அவர் கத்தி முடிப்பதற்குள் கௌசல்யாவின் கை பிள்ளையிடம் போய்விட்டது. கண் இன்னும் திறக்கவில்லை. கை மட்டும் போய்விட்டது. பிள்ளை அதற்குள் இழுத்து மூச்சு விட்டு, வேகவேகமாக நாலைந்து மூச்சு வாங்கி, பழையபடி அமைதியானது. சிஸ்டர் பக்கத்தில் வந்து மண்டியிட்டு, பிள்ளையின் உதட்டு நிறத்தைப் பார்த்துவிட்டு, "பச்சப் புள்ளைங்க இப்டித்தான் விட்டு விட்டு மூச்சு விடும். கண நேரம் நிக்கும், அப்பறம் வரும். வராம ரொம்ப நின்னாலோ, உதடு நீலமானாலோ அப்பத்தான் தூக்கிட்டு ஓடி வரணும்" என்று இருவருக்கும் சொன்னார்.

பூரணம் பிள்ளையைப் பார்க்கவில்லை. மருமகளின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கௌசல்யா, "ஒண்ணுமில்ல அத்தை, படுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அத்தை படுக்கவில்லை. அந்த மதியம் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தார். என்ன நினைத்தாரோ தெரியாது. தெரியாததைச் சொல்லக் கூடாது.

சாயங்காலம் ஊரிலிருந்து பங்காளி வீட்டு அம்மா ஒருவர் பிஸ்கட்டும் ஆரஞ்சுமாகப் பார்க்க வந்தார். பிள்ளையைக் கொஞ்சினார். போகும்போது கௌசல்யாவின் தலையைத் தடவி, "இந்தத் தடவையாச்சும் பாத்துப் படு தாயி. அசந்துடாத" என்றார்.

கௌசல்யாவின் கை பாயில் கிடந்த பிள்ளையை எடுக்கப் போனது. இத்தனை நாள் பட்ட பாடு ஒரு பேச்சில் போய்விடுமே என்று வார்டில் சிஸ்டரைத் தேடினேன். சிஸ்டர் இல்லை. பிரசவ அறையில் இருந்தார்.

"ஏண்டி," என்றார் பூரணம். "நீ அன்னைக்கு அந்த ரூம்லயா படுத்திருந்த?"

வந்த அம்மா திகைத்துப்போனார். "இல்லத்தா, நா நல்லதுக்குத்தான..."

"படுத்திருந்தியா, இல்லயா?"

"இல்ல."

"நானும் இல்ல. நமக்கு என்ன தெரியும்? எம்மருமக நல்லாத்தான் படுப்பா. நீ ஆரஞ்ச வச்சுட்டுக் கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கௌசல்யா எடுக்கப்போன கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை பாயிலேயே இருந்தது.

மறுநாள் சிஸ்டர் வழக்கம்போல வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பிள்ளையைப் படுக்க வைங்க, பாப்போம்." கௌசல்யா பாயைக் கையால் அழுத்திப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த துவாலையை எடுத்து அங்கிட்டு வீசினாள். பிள்ளையை மல்லாக்க விட்டு, மூக்குக்குக் கீழே இருந்த துணியை இறக்கிவிட்டாள். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டாள்.

நான் குடியிருந்த தெருவிலிருந்து அவர்கள் ஊருக்கு நேர் பஸ் உண்டு. என் விடுமுறை நாளில் ஒரு எட்டுப் போய்ப் பார்க்கச் சொன்னார் சிஸ்டர். "வீட்டுக்குப் போனதும் பயம் திரும்ப வரும். போயி, ராவுல அத்தையும் மருமகளும் மாத்தி மாத்தித் தூங்கச் சொல்லு. ஒக்காந்து பால் குடுத்தா முடிஞ்சதும் பாயில விடச் சொல்லு. பேசிடுவியா?" என்றார். பேசிவிடுவேன் என்றேன். பஸ்ஸில் வழியெல்லாம் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ மந்திரம் ஜெபிக்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தூளி மாட்டும் விட்டத்துக் கொக்கியில் ஒரு வாழைத்தார் தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் தரையில் இரண்டு பாய். ஒன்றில் பிள்ளை கையை இரண்டு பக்கமும் விரித்து மல்லாந்து கிடந்தது. இன்னொன்றில் கௌசல்யா, வாய் லேசாகத் திறந்திருக்க, குறட்டை விட்டுத் தூங்கினாள். கால்மாட்டில் பூரணம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். மனப்பாடம் செய்ததின் முதல் வார்த்தை வந்துகொண்டிருந்தது. பூரணம் விரலை உதட்டில் வைத்தார்.

"சத்தம் போடாதீங்க ஆயாம்மா. ரெண்டு பேரும் தூங்குறாங்க."

என்னைப் பார்த்து அப்படிச் சொன்ன ஆள் என் ஆயுசுக்கும் அவர் ஒருவர்தான். வாசல் படியில் உட்கார்ந்து அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

மறுநாள் வார்டில் சிஸ்டர் கேட்டார், "போனியா? என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல சிஸ்டர். சத்தம் போடக் கூடாதுன்னுட்டாங்க."

சிஸ்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சின்னக் குரலுக்குள் அவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஜன்னலோரப் பாயில் கிடந்த பிள்ளை ஒன்று திடுக்கிட்டுக் கையை விரித்தது, முகத்தைச் சுளித்தது, பிறகு மல்லாந்தபடியே மறுபடி தூங்கிப்போனது.